இதய நோய்க்குப் பின் நீண்டகால மறுவாழ்வு: நோயாளிகளும் வீட்டாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாரடைப்பு, ஆஞ்சியோபிளாஸ்டி, பைபாஸ், இதயச் செயலிழப்பு (இதயம் ரத்தத்தை இறைக்கும் வலு குறைவது) என்று ஏதோ ஒன்றைக் கடந்து வீடு திரும்பியவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் இயன்முறை மருத்துவராகிய என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் மாரடைப்புக்கான அவசர சிகிச்சை நன்றாக வளர்ந்திருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தால் ஏழைக் குடும்பங்களுக்கும் ஸ்டென்டும் பைபாஸும் கிடைக்கின்றன. ஆனால் டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் காலையில் என்ன செய்வது என்று சொல்லித்தர பல ஊர்களில் ஆளில்லை. அந்த இடைவெளியில்தான் பலர் மறுபடி நோயில் விழுகிறார்கள்.

இங்கே உள்ளவை பொதுவான பதில்கள். உங்களுக்கான அளவை உங்கள் எக்கோ, இசிஜி அறிக்கைகளைப் பார்த்த மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டென்ட் வைத்து அடைப்பை எடுத்தாயிற்று. இன்னும் எதற்கு மறுவாழ்வு?

ஸ்டென்ட் திறந்துவிட்டது ஒரு ரத்தக்குழாயில் ஓரிரு சென்டிமீட்டர் நீளத்தை. அந்த அடைப்பை உண்டாக்கிய நோய் மற்ற குழாய்களிலும் இருக்கிறது. கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, அசையாத உடம்பு எல்லாம் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே அப்படியே காத்திருக்கின்றன. மறுவாழ்வு அவற்றைக் கவனிக்கும் சிகிச்சை.

இதற்குச் சான்று பலமாகவே இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, உடற்பயிற்சி அடிப்படையிலான இதய மறுவாழ்வு பற்றிய 85 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. அவற்றில் பங்கேற்றவர்கள் 23 ஆயிரத்துக்கும் மேல். மறுவாழ்வுப் பயிற்சி பெற்றவர்களிடையே இதய நோயால் ஏற்படும் மரணம், மறுமாரடைப்பு, மறுபடி மருத்துவமனையில் சேர்வது எல்லாமே குறைந்திருந்தன. ஒரு மாத்திரை இந்த அளவுக்கு வேலை செய்திருந்தால் அதை எழுதித்தராத மருத்துவரே இருக்க மாட்டார்.

மறுவாழ்வு என்றால் சரியாக என்ன? எவ்வளவு காலம்?

முதல் கட்டம் மருத்துவமனையிலேயே தொடங்கிவிடும். கட்டிலில் எழுந்து உட்காருவது, வராந்தாவில் நடப்பது, மூச்சுப் பயிற்சி. இரண்டாம் கட்டம் வீடு திரும்பிய பின் வரும் சுமார் மூன்று மாதங்கள். வசதியுள்ள மையங்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் வரவழைத்து, இசிஜி கண்காணிப்புடன் பயிற்சி தருவார்கள். அமெரிக்காவில் வழக்கமான கணக்கு 36 வகுப்புகள். உணவு, மருந்து, மனநிலை, புகையை நிறுத்துவது பற்றிய ஆலோசனையும் இதில் சேரும். வெறும் டிரெட்மில் மட்டும் மறுவாழ்வு ஆகிவிடாது.

மூன்றாம் கட்டம் உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், மீதி வாழ்நாள் முழுவதும். பலர் கைவிடுவதும் இதைத்தான். மூன்று மாதம் ஒழுங்காக வந்தவர் ஆறாம் மாதம் நடையை நிறுத்துவார், எட்டாம் மாதம் கொலஸ்டிரால் மாத்திரையை நிறுத்துவார். நீண்டகால மறுவாழ்வு என்று நான் சொல்வது இந்தக் கட்டத்தை. இங்கே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இதற்காகவே எழுதியவை.

அப்பாவுக்கு மாரடைப்பு வந்த பிறகு ஒரு துரும்பைக்கூட எடுக்கவிடாமல் பார்த்துக்கொள்கிறோம். சரிதானே?

சரியில்லை. உங்கள் அன்பில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அந்த அன்பு அவரை நோயாளியாகவே நிறுத்திவைக்கிறது.

மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் உங்களைப் போலவே நினைத்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். சோறு ஊட்டிவிடுவதும் படுக்கையிலேயே மலம் கழிக்க வைப்பதும்கூட உண்டு. 1952-இல் பாஸ்டனைச் சேர்ந்த சாமுவேல் லெவின், பெர்னார்ட் லோன் என்ற இரு மருத்துவர்கள் நோயாளிகளைப் படுக்கையிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அதுவே அன்றைக்குப் பெரிய துணிச்சல். 1955-இல் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தது. அவரைக் கவனித்த பால் டட்லி ஒயிட் என்ற இதய மருத்துவர், படிப்படியாக நடக்கவும் வேலைக்குத் திரும்பவும் அவரை ஊக்கப்படுத்தினார். மறு ஆண்டு ஐசன்ஹோவர் தேர்தலில் நின்று மறுபடி அதிபரானார்.

1966-இல் டல்லஸ் நகரில் நடந்த ஆய்வு இன்னும் கண்ணைத் திறக்கும். இருபது வயதுள்ள ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். அவர்களுடைய உடல் திறன் கால் பங்குக்கும் மேல் சரிந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, ஐம்பது வயதில் அதே ஐவரையும் மீண்டும் சோதித்தார்கள். முப்பது ஆண்டு முதுமை அவர்களுக்குச் செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதமே அதிகம். இருபது வயது உடம்புக்கே இந்த கதி என்றால், அறுபத்தைந்து வயதில் ஆறு மாதம் ஈசி சேரில் கழிக்கும் உங்கள் அப்பாவின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

எங்கள் பிரிவில் ஆறு நிமிட நடைச் சோதனை என்று ஒன்று செய்வோம். முப்பது மீட்டர் நீளமுள்ள வராந்தா, இரு முனைகளிலும் ஒரு பிளாஸ்டிக் கூம்பு. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்ப்போம். ஓய்வுபெற்ற ஒருவர் மனைவியுடன் வந்திருந்தார். நல்ல உயரம், திடமான கால்கள். ஒவ்வொரு கூம்பையும் சுற்றித் திரும்பும்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவியின் முகத்தைப் பார்ப்பார். அந்த அம்மா புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டு, “மெதுவா, மெதுவா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாவது சுற்றில் அவர் நின்றுவிட்டார். நாடி, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் மூன்றும் நன்றாகவே இருந்தன. மூச்சும் வாங்கவில்லை. அவரை நிறுத்தியது பயம். அடுத்த வாரத்திலிருந்து அந்த அம்மாவையும் கூடவே நடக்கச் சொன்னோம். அவர் கையாலேயே கணவரின் நாடியைப் பிடித்துப் பார்க்கப் பழக்கினோம். அதன் பிறகுதான் இருவருக்கும் முகம் தெளிந்தது.

எனவே அப்பா தன் தட்டைத் தானே எடுக்கட்டும். செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டும். கடைக்குப் போய்ப் பால் வாங்கி வரட்டும்.

அம்மாவுக்குத்தான் மாரடைப்பு. வீட்டு வேலையே நாள் முழுக்கச் செய்கிறார். தனியாக உடற்பயிற்சி தேவையா?

இதை நிறுத்திச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் ஆணுக்கு மாரடைப்பு வந்தால் அவரை அசையவிடுவதில்லை. பெண்ணுக்கு வந்தால் இரண்டாம் வாரமே அடுப்படிக்குத் திரும்பிவிடுகிறார். அவரைத் தடுப்பாரும் இல்லை, மறுவாழ்வுப் பயிற்சிக்கு அழைத்து வருவாரும் இல்லை. உலகம் முழுவதுமே மறுவாழ்வு மையங்களுக்கு வரும் பெண்களின் பங்கு ஆண்களைவிடக் குறைவு.

வீட்டு வேலை உடம்பை அலுக்கவைக்கும். ஆனால் அது விட்டு விட்டு நடப்பது. நின்றபடி, குனிந்தபடி, பளுவைத் தூக்கியபடி செய்வது. ஒரே சீராக அரை மணி நேரம் இதயத் துடிப்பை உயர்த்திவைத்து மெதுவாக இறக்கும் பயிற்சி அதில் கிடைக்காது. தண்ணீர் நிறைந்த குடம் பத்துக் கிலோவுக்குக் குறையாது. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி படியேறினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். பைபாஸ் செய்தவர் என்றால் நெஞ்செலும்பு சேர்வதே கெட்டுப்போகும்.

அம்மாவுக்கு வேண்டியது இரண்டு. பளு வேலையிலிருந்து விடுதலை, அவருக்கென்றே ஒதுக்கிய நடை நேரம். காலையில் எல்லோரும் கிளம்பும் பரபரப்பில் அவரால் முடியாது. மாலை ஐந்தரைக்கு வீட்டிலிருந்து யாராவது ஒருவர், “வாம்மா, நடந்துவிட்டு வரலாம்” என்று கூப்பிட வேண்டும். காபி அடுப்பை அந்த நேரத்தில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

எவ்வளவு நடக்கலாம்? அளவு மீறுகிறது என்று எப்படித் தெரியும்?

சிக்கல் இல்லாத மாரடைப்பு என்றால், வீடு திரும்பிய முதல் வாரத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை, சமதளத்தில். பிறகு சில நாளுக்கு ஒருமுறை இரண்டு மூன்று நிமிடம் கூட்டலாம். ஆறாம் வாரத்தை நெருங்கும்போது பலருக்கு அரை மணி நேரம் தொடர்ந்து நடக்க முடியும். நீண்டகால இலக்கு வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான வேகம். அதை ஐந்து நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் இரண்டரை மணி நேரம் நடந்து கணக்கை நேர்செய்ய வேண்டாம்.

அளவுக்கு எளிய உரைகல் பேச்சு. நடந்துகொண்டே பக்கத்தில் வருபவருடன் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. பாட்டுப் பாட முடிந்தால் வேகம் போதாது. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினால் அதிகம். கன்னர் போர்க் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் உருவாக்கிய 6 முதல் 20 வரையிலான அளவுகோலையும் பயன்படுத்துகிறோம். அதில் 11 முதல் 13 வரை, அதாவது லேசான சிரமத்துக்கும் சற்றுக் கடினத்துக்கும் இடையில் நிற்பது போதும்.

கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் துடிப்பைக் குறைத்துவைக்கும். அதிகபட்சத் துடிப்பைக் கணிக்க 220-இலிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரம் அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பொருந்தாது.

முதல் ஐந்து நிமிடம் மெதுவாகத் தொடங்குங்கள். முடிக்கும்போதும் ஐந்து நிமிடம் வேகத்தைக் குறைத்து நடங்கள். சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும். நடந்து வந்த கையோடு சுடுநீர்க் குளியலும் வேண்டாம். சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு வெயில் மயக்கம் சீக்கிரம் வரும். சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலில் நடக்கக் கூடாது. சட்டைப் பையில் இரண்டு குளுக்கோஸ் பிஸ்கட்டோ மிட்டாயோ இருக்கட்டும்.

நடையோடு தசைப் பயிற்சியும் வேண்டும். மாரடைப்பு வந்து ஐந்தாறு வாரம் கழிந்தபின், மருத்துவர் சம்மதித்தால், வாரத்துக்கு இரண்டு நாள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து மடக்கி நீட்டுவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது. மூச்சைப் பிடிக்காமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

நடக்கும்போதே மறுபடி மாரடைப்பு வந்துவிட்டால்?

இந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு. கண்காணிப்புடன் நடக்கும் பயிற்சியில் இதயம் நின்றுபோவது மிக மிக அரிது. அமெரிக்க மையங்களில் 1980-களில் எடுத்த கணக்குப்படி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பயிற்சி மணி நேரங்களுக்கு ஒன்று.

ஆனாலும் என்ன செய்வது என்று தெரிந்து வைத்திருங்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் உடனே நின்று உட்காருங்கள். மருத்துவர் நெஞ்சுவலிக்கான சார்பிட்ரேட் மாத்திரை எழுதித் தந்திருந்தால், உட்கார்ந்த நிலையில் நாக்குக்கு அடியில் வையுங்கள். நின்றபடி வைத்தால் ரத்த அழுத்தம் இறங்கி விழுந்துவிடலாம். ஐந்து நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் வெறும் அசதியும் வியர்வையுமாகவும் வரலாம்.

வாயுப் பிடிப்பு என்று சொல்லி சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்து ஒரு மணி நேரத்தைக் கடத்துவதுதான் நம் ஊரில் உயிரைக் குடிக்கிறது. பெரிய மருத்துவமனை தொலைவில் இருந்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் கீழ், ரத்தம் உறைவதைத் தடுக்கும் முதல்கட்ட மாத்திரைகளை அங்கேயே கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

பைபாஸ் ஆபரேஷன் ஆனவர் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

நெஞ்செலும்பை நடுவில் பிளந்து கம்பியால் சேர்த்திருக்கிறார்கள். அது ஒன்றுசேர ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம். பேரக்குழந்தையைத் தூக்குவதும் இதில் சேரும், மனம் கேட்காவிட்டாலும். இருமல் வந்தால் ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது ஒருக்களித்துத் திரும்பிக் காலைத் தொங்கவிட்டு எழ வேண்டும். கையை ஊன்றி நெம்பி எழக் கூடாது. இருசக்கர வாகனத்துக்கு மருத்துவர் அனுமதி தரும்வரை பொறுங்கள். நெஞ்சில் ‘கடக்’கென்று சத்தம், தையலில் நீர் அல்லது சீழ், காய்ச்சல் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

காலிலிருந்து நாளம் எடுத்திருந்தால் அந்தக் கால் சில வாரம் வீங்கும். உட்காரும்போது காலை முக்காலியில் உயர்த்தி வையுங்கள்.

இதயத்தின் பம்பிங் 30 சதவீதம்தான் என்கிறார்கள். இவரும் பயிற்சி செய்யலாமா?

செய்யலாம், செய்ய வேண்டும். ஆனால் மையத்தில் கண்காணிப்புடன் தொடங்க வேண்டும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களைப் படுக்கையில் வைப்பதே முன்பு வழக்கம். 2009-இல் வெளியான ஹெச்எஃப்-ஆக்‌ஷன் ஆய்வில் 2,331 இதயச் செயலிழப்பு நோயாளிகள் பங்கேற்றார்கள். உடற்பயிற்சி அவர்களுக்குப் பாதுகாப்பானது என்றும் அன்றாட வாழ்க்கை மேம்பட்டது என்றும் தெரியவந்தது. பம்பிங் எண் அப்படியே இருந்தாலும் கால் தசை வலுப்பட்டால் அதே இதயத்தை வைத்துக்கொண்டு கூடுதலாக நடக்க முடியும். எண்ணைப் பார்த்து மனம் உடைகிறவர்களுக்கு இதை நான் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

இவர்கள் வீட்டில் ஒரு எடை பார்க்கும் கருவி கட்டாயம் வேண்டும். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில் எடை பார்த்து நாள்காட்டித் தாளில் குறித்து வையுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது கொழுப்பில்லை, தேங்கும் நீர். கால் வீங்கும்வரை காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

உடம்பு நன்றாக இருக்கிறது. மாத்திரையை நிறுத்தலாமா?

உடம்பு நன்றாக இருப்பதே மாத்திரையால்தான். ஸ்டென்ட் வைத்தபின் ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை தருவார்கள். ஒன்று ஆஸ்பிரின், மற்றொன்று குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலார். மாரடைப்பு வந்தவர்களுக்கு இரண்டும் சேர்த்துப் பெரும்பாலும் ஓராண்டு. அதன் பிறகு ஒன்று தொடரும். இவற்றை நடுவில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து குழாய் மொத்தமாக அடைத்துக்கொள்ளலாம். பல் பிடுங்கப் போகிற இடத்தில், “ரத்த மாத்திரையை ஐந்து நாள் நிறுத்துங்கள்” என்று சொன்னால், இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் மாத்திரைகளைக் கொலஸ்டிரால் குறைந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். கெட்ட கொலஸ்டிராலை (ஆய்வகத் தாளில் எல்டிஎல்) 70-க்குக் கீழே வைத்திருப்பது இதய நோயாளிகளுக்குக் குறைந்தபட்ச இலக்கு. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் 55 என்கிறது. ஆய்வகத் தாளில் ‘நார்மல்’ என்று அச்சிட்டிருக்கும் எல்லை உங்களுக்கானதில்லை. தசை வலி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

முட்டி வலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போட்டுக்கொள்வது இதய நோயாளிகளுக்கு ஆபத்து. செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் மருந்தை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடாதீர்கள். அரசு மருத்துவமனையிலும், மக்கள் மருந்தகம், 2025-இல் திறந்த முதல்வர் மருந்தகம் ஆகியவற்றிலும் விசாரியுங்கள்.

பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, தேன் சேர்த்த சாறு அடைப்பைக் கரைக்குமாமே?

கரைக்காது. ரத்தக்குழாய்ச் சுவருக்குள் ஆண்டுக்கணக்கில் சுண்ணாம்போடு இறுகிப்போன படிவத்தை எந்தச் சாறும் கரைத்ததாகச் சான்றில்லை. குழம்பில் பூண்டு சேர்த்துக்கொள்ளுங்கள், மிக நல்லது. அந்தச் சாற்றை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களை அவசரப் பிரிவில் பார்த்த வேதனையோடு இதை எழுதுகிறேன். மருதம்பட்டைக் கஷாயம் முதலியவை குடிப்பதென்றாலும் உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள்.

சாப்பாட்டில் என்னென்ன மாற்ற வேண்டும்?

நாளுக்கு மொத்தம் ஐந்து கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி. சாம்பாரில் போடும் உப்பைக் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு என்று பக்கவாட்டில் ஏற்றிக்கொண்டால் பயனில்லை. கடையில் விற்கும் குறைந்த சோடியம் உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில ரத்த அழுத்த மாத்திரைகள் எடுப்பவர்களும் கேட்காமல் வாங்க வேண்டாம். ரசத்தில் மிளகு, சீரகம், எலுமிச்சையைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் உப்புக் குறைவு தெரியாது. இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் கூட்டு, பொரியல், சுண்டல். மீன் குழம்பு நல்லது, பொரித்த மீன் வேண்டாம். பஜ்ஜி சுட்ட எண்ணெயை மறுநாள் தாளிப்புக்கு எடுக்காதீர்கள். செயற்கை வால்வு பொருத்தி வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் எடுப்பவர்கள் கீரையை ஒரேயடியாகத் தவிர்க்க வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எதிலும் பிடிப்பில்லை, அழுகை வருகிறது, இரவில் தூக்கம் போய்விட்டது. இது ஏன்?

மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதே நேரம் அதை அப்படியே விட்டுவிடவும் கூடாது. மனச்சோர்வு உள்ளவர் நடக்க மாட்டார், மாத்திரையை மறப்பார், பீடியைத் திரும்பப் பற்றவைப்பார். அவருடைய இதயம் மறுபடி பழுதாகும் வாய்ப்பும் கூடுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இதய நோயாளிகளுக்குப் பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன. “தைரியமாக இரு” என்ற அறிவுரை எந்த மனச்சோர்வையும் தீர்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “என்ன பயமாக இருக்கிறது, சொல்” என்று கேட்பது உதவும்.

நாளுக்கு இரண்டே இரண்டு சிகரெட். அதுவுமா?

அதுவும். பீடி, ஹான்ஸ், பான் மசாலா எல்லாமும். மாரடைப்புக்குப் பின் புகையை அடியோடு நிறுத்தியவர்களின் இறப்பு வாய்ப்பு, தொடர்ந்தவர்களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. நிக்கோட்டின் சூயிங்கமும் ஆலோசனையும் கிடைக்கின்றன, கேளுங்கள்.

தாம்பத்திய உறவு வைத்துக்கொள்ளலாமா?

பலர் கேட்கத் தயங்கி, ஆண்டுக்கணக்கில் விலகியே படுத்துவிடுகிறார்கள். இரண்டு மாடிப் படியை நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் இல்லாமல் ஏற முடிந்தால் பெரும்பாலும் தடையில்லை. பைபாஸ் ஆனவர்கள் நெஞ்செலும்பு கூடும்வரை மார்பில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சார்பிட்ரேட் வகை மாத்திரை எடுப்பவர்கள் வயாக்ரா வகை மாத்திரையைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு இறங்கும்.

பழனி மலை ஏறலாமா? திருவண்ணாமலை கிரிவலம் போகலாமா?

வேண்டுதல் இருக்கும், தெரியும். கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். வீட்டில் தினமும் மூன்று கிலோமீட்டர் நடப்பவர் பௌர்ணமிக் கூட்டத்தில், ராத்தூக்கம் விழித்து, திடீரென்று அவ்வளவு தூரம் நடக்கக் கூடாது. நடையை மாதக்கணக்கில் கூட்டிக்கொண்டே வந்து, டிரெட்மில் சோதனையில் மருத்துவர் திருப்திப்பட்டபின், கூட்டமில்லாத நாளில், உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம். படியேறுவது சமதள நடையைவிடப் பல மடங்கு பளு. பழனியில் இழுவை ரயிலும் ரோப் காரும் இருக்கின்றன. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். சபரிமலைக்கு விரதத்தோடு மாத்திரை நேரமும் தவறாமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று முதலில் யோசியுங்கள்.

நடைக்குப் பதில் யோகா செய்யலாமா?

இந்தியாவிலேயே இதற்குப் பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. யோகா-கேர் என்ற அந்த ஆய்வில் 24 மருத்துவமனைகளில் 3,959 மாரடைப்பு நோயாளிகள் சேர்ந்தார்கள். மூன்று மாதத்தில் 13 யோகா வகுப்புகள். இறப்பும் மறுமாரடைப்பும் குறைந்தன என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வேறுபாடு கிடைக்கவில்லை. ஆனால் யோகா செய்தவர்கள் தங்கள் உடல்நிலை நன்றாக இருப்பதாக உணர்ந்தார்கள், பழைய வேலைகளுக்கு நன்றாகத் திரும்பினார்கள். கருவியும் மையமும் இல்லாத நம் ஊர்களுக்கு இது பெரிய செய்தி. நடக்கவே மனமில்லாதவர் யோகாவில் தொடங்கட்டும். என் விருப்பம் இரண்டும் சேர்ந்தது. சிரசாசனம் போன்ற தலைகீழ் ஆசனங்களும், மூச்சை நெடுநேரம் அடக்கும் கும்பகமும் வேண்டாம்.

எங்கள் ஊரில் மறுவாழ்வு மையமே இல்லை. என்ன செய்வது?

பெரும்பாலான ஊர்களின் நிலை இதுதான். மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் ஒவ்வொன்றிலும் இதய மறுவாழ்வுக்கென்று ஒரு அறை, ஒரு இயன்முறை மருத்துவர், ஒரு இசிஜி மானிட்டர் இருந்தால் எத்தனையோ பேர் பிழைப்பார்கள். ஸ்டென்டுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை. இதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியது நம் கடமை.

அதுவரை வீட்டை மையமாக்கிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே, “எவ்வளவு நடக்கலாம், எந்த அளவுக்கு மேல் கூடாது” என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். வீட்டில் செய்யும் மறுவாழ்வும், முறையாகத் தொலைபேசியில் வழிநடத்தினால், மையத்தில் செய்வதற்கு ஏறக்குறைய இணையான பலன் தருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. உங்கள் பகுதி சுகாதாரப் பணியாளரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். இதய நோய் உள்ள இன்னும் இரண்டு பேர் உங்கள் தெருவில் நிச்சயம் இருப்பார்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டு நடந்தால் யாரும் பாதியில் விடமாட்டார்கள்.

பைபாஸ் ஆகி ஏழு ஆண்டுகள். ஒரு தொந்தரவும் இல்லை. இன்னும் டாக்டரிடம் போக வேண்டுமா?

கட்டாயம் போக வேண்டும். நெஞ்சுக்கூட்டின் உட்புறத் தமனியை எடுத்து இணைத்த மாற்றுவழி பத்து ஆண்டுக்குப் பிறகும் பத்தில் ஒன்பது பேருக்குத் திறந்தே இருக்கிறது. காலிலிருந்து எடுத்த சிரை அப்படி இல்லை. பத்து ஆண்டில் ஏறக்குறைய பாதி அடைத்துக்கொள்கிறது. பெரும்பாலோருக்கு இரண்டும் கலந்தே போட்டிருப்பார்கள். கொலஸ்டிராலைக் கட்டுக்குள் வைத்து, புகையைத் தவிர்த்து, நடையை விடாமல் இருப்பவர்களுக்குச் சிரை கூடுதல் காலம் தாங்கும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்டிரால். மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எக்கோ, டிரெட்மில். ஆண்டுக்கு ஒரு ஃப்ளூ தடுப்பூசி. போன வருடம் ஒரே மூச்சில் ஏறிய மாடிப்படியில் இந்த வருடம் நடுவில் நிற்க வேண்டியிருந்தால், அதை வயதின் மேல் போட்டுவிடாமல் அடுத்த சந்திப்பில் முதலில் சொல்லுங்கள். ஆபரேஷன் டிஸ்சார்ஜ் தாளில் எந்த நாளத்தை எங்கே இணைத்தார்கள் என்று எழுதியிருக்கும். அதைப் பிரதி எடுத்து ஒன்றை வீட்டிலும் ஒன்றைப் பிள்ளைகளிடமும் கொடுத்து வையுங்கள், கைபேசியிலும் படமெடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் புதிய மருத்துவமனைக்குப் போனால், அங்குள்ள மருத்துவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.